நாமளும் வரி கட்டுறவங்கதான்

(சேத்தூரில் 2026 ஜனவரியில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

  

நம்ம வரவு செலவு அறிக்கையைப் போன வாரமே எல்லாக் குழுவுக்கும் அனுப்பியாச்சு. அதையே இங்க மறுபடி வாசிச்சா பாதிப் பேரு பந்திக்கு எந்திரிச்சுப் போயிருவீங்க. அதனால தலைவி அக்காகிட்ட கேட்டுக்கிட்டு இன்னைக்கு வேற ஒரு வரவு செலவைப் பேசப் போறேன். அரசாங்கத்துக்கு நாம குடுக்கிறது எவ்வளவு, அரசாங்கம் அதை எப்படிச் செலவழிக்குதுங்கிற கணக்கு. கடைசியில நம்ம கூட்டமைப்பு விஷயம் ஒண்ணும் இருக்கு. அதுல நான் செஞ்ச தப்பும் இருக்கு.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ராஜபாளையத்துல இருந்து டவுன் பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன். எனக்கு முன் சீட்டுல நம்ம ஊரு மதினி ஒருத்தங்க. பேரு சொல்ல வேண்டாம், கீரைக்கூடை தூக்குறவங்க. மார்க்கெட்டுல யாவாரம் முடிச்சுட்டு காலிக்கூடையை மடியில வச்சுக்கிட்டு அசந்து தூங்கிட்டாங்க. பக்கத்துல நின்ன ஒருத்தர், நல்லாப் படிச்ச ஆளு மாதிரிதான் இருந்தாரு, போன்ல யாருகிட்டயோ பேசுற மாதிரி சத்தமா, "ஓசியில போறவங்க எல்லாம் உக்காந்து தூங்குறாங்க, துட்டுக் குடுத்து டிக்கெட் எடுத்தவன் நிக்கிறான். எல்லாம் நாங்க கட்டுற வரிப்பணம்"னு சொன்னாரு. மதினி முழிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. எந்திரிச்சு அவருக்கு எடத்தைக் குடுத்துட்டு, கூடையோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சேத்தூர் வரைக்கும் நின்னே வந்தாங்க.

நானும் பேசலை. பொருளாளர், மாசாமாசம் கணக்கு வாசிக்கிறவ, என் வாய்க்கும் பதில் வரலை. 2022-ல ஒரு அமைச்சரே மேடையில அந்த 'ஓசி'ங்கிற வார்த்தையைச் சொல்லிட்டு அப்புறம் வருத்தம் தெரிவிச்சாரு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ நாம எல்லாம் கோபப்பட்டோம். ஆனா 'நான் என்ன வரி கட்டுறேன்'னு அப்பவும் யாரும் உக்காந்து கணக்குப் பாக்கலை. அன்னைக்கு ராத்திரி நான் பாத்தேன்.

மதினி விக்கிற கீரைக்கு வரி கிடையாது. பச்சைக் காய்கறி, பால், உப்பு இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி இல்லை. ஆனா வித்த துட்டுல அவங்க வாங்குற சாமானைப் பாருங்க. போன செப்டம்பர் வரைக்கும் சோப்பு, பல் பேஸ்ட், தலைக்கு வைக்கிற எண்ணெய், புள்ளைங்களுக்கு வாங்குற பிஸ்கட் எல்லாத்துக்கும் 18 சதவீதம். 40 ரூபாய் சோப்பு ஒண்ணு வாங்குனா அதுல 6 ரூபாய் 10 காசு வரி. சோப்போட விலை 33 ரூபாய் 90 காசுதான். 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து எத்தனை சோப்பு தேஞ்சிருக்கும்! 2025 செப்டம்பர் 22-ல இருந்து இதையெல்லாம் 5 சதவீதத்துக்குக் கொண்டு வந்துட்டாங்க, நல்ல விஷயம். அந்தக் கணக்குக்கு 40 ரூபாய் சோப்பு 35 ரூபாய் 60 காசுக்கு வரணும். உங்க வீட்டுல வந்துச்சான்னு பழைய அட்டையையும் புது அட்டையையும் வச்சுப் பாத்துட்டு வாங்க, அடுத்த கூட்டத்துல பேசலாம்.

செல்போன் ரீசார்ஜுக்கு இன்னைக்கும் 18 சதவீதம்தான். 299 ரூபாய்க்குப் போட்டா அதுல 45 ரூபாய் 60 காசு வரி. கேஸ் சிலிண்டருக்கு 5 சதவீதம். பேரு போட்டு பாக்கெட் போட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18-ல இருந்து 5 சதவீதம், 25 கிலோ வரைக்கும். அதுக்கு மேல போனா வரி இல்லைன்னு சொல்லித்தான் கடையில 26 கிலோ மூட்டை வர ஆரம்பிச்சது. 26 கிலோவா வாங்க வசதி உள்ள வீட்டுக்கு வரி இல்லை. அஞ்சு கிலோ பாக்கெட்டா வாங்குறவங்களுக்கு வரி. இதை யாரும் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க, ஆனா முடிவு அப்படித்தான் வந்து நிக்குது.

இப்போ பஸ்ல பேசுன அந்த ஆளு பக்கம் வருவோம். வரின்னு அவரு சொன்னது வருமான வரியை. 2025 பட்ஜெட்டுல புது முறையில வருஷம் 12 லட்சம் வரைக்கும் வருமானம் உள்ளவங்க வருமான வரி கட்ட வேண்டாம்னு ஆக்கிட்டாங்க. மாசம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறவர் அந்த வரியில ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அவரு சம்பளம் எனக்குத் தெரியாது. ஆனா அவரும் மதினியும் ஒரே கடையில ஒரே சோப்பு வாங்குனா ரெண்டு பேரும் கட்டுற வரி ஒண்ணுதான், 1 ரூபாய் 70 காசு. அவருக்கு அது ஒரு டீயில ஒரு மடக்குக் கூட இல்லை. நாள் பூரா கூடை சுமந்து 300 ரூபாய் பாக்குறவங்களுக்கு அப்படி இல்லை. அதுவும் போக, மதினி சம்பாதிக்கிறது மொத்தமும் சாமான் வாங்கத்தான் போகுது. வசதி உள்ளவங்க பாதியைச் செலவு பண்ணிட்டு மீதியை நிலத்துலயும் நகையிலயும் போடுவாங்க. வர்ற வருமானத்துல எத்தனை பங்கு சாமான் வரியாப் போகுதுன்னு பாத்தா, கூடைக்காரிதான் கூடுதலாக் கட்டுறவ.

இது புதுச் சண்டை இல்லை. 1930-ல காந்தி தண்டிக்குப் போனதும் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் எதுக்காக? உப்பு வரிக்காக. அன்னைக்கு வெள்ளைக்காரன் போட்ட வரி எத்தனையோ இருந்தும் காந்தி உப்பைப் புடிச்சதுக்குக் காரணம், மிட்டா மிராசும் கூலிக்காரனும் ஒரே அளவுதான் உப்பு திம்பாங்கிறதுதான். வேதாரண்யத்துல நம்மள மாதிரி ஒரு பொம்பளை, ருக்மணி லட்சுமிபதி, அதுக்காக ஜெயிலுக்குப் போனாங்க. இன்னைக்கு உப்புக்கு ஜிஎஸ்டி இல்லைன்னா அது சும்மா வந்தது இல்லை.

நம்ம பக்கத்துலயும் உதாரணம் இருக்கு. நம்ம மாவட்டத்துல தீப்பெட்டி ஒட்டாத குடும்பம் கம்மி. முன்னாடி கையால செய்யுற தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின்ல செய்யுறதுக்கு 18 சதவீதம். 2020 மார்ச்சுல ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, எல்லாத்துக்கும் ஒரே வரி, 12 சதவீதம்னு முடிவு பண்ணாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, எல்லாரும் சமம். மெஷின் வச்சிருக்கிறவருக்கு 6 குறைஞ்சது, கையால செய்யுற பொம்பளைங்களை வச்சு ஓடுற சின்னப் பட்டறைக்கு 7 கூடுச்சு. சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்துல நம்ம சொந்தக்காரங்க நெய்யுறாங்களே ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி, காயத்துக்குச் சுத்துற துணி, அதுக்கும் 12 சதவீதம் போட்டிருந்தாங்க. காயம் பட்டவன்கிட்ட வரி வாங்குறதான்னு எத்தனை வருஷம் கேட்டாங்க, மனு போட்டாங்க. போன செப்டம்பர்லதான் 5 ஆச்சு. நாப்கினுக்கு 12 சதவீதம் போட்டு, பொம்பளைங்க நாடு முழுக்கச் சத்தம் போட்டு 2018 ஜூலையில எடுத்தாங்க. கேட்டாத்தான் குறையுது, இதுல இருந்து எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

அப்போ அரசாங்கம் ஏன் சோப்பு மேல, ரீசார்ஜ் மேல வரி போடுது, பணக்காரங்க சொத்து மேல போடக் கூடாதா? போட்டுப் பாத்தாங்க. செல்வ வரின்னு ஒண்ணு இருந்துச்சு, நாம கட்டுற வீட்டு வரி இல்லை, பெரும் பணக்காரங்க மொத்த சொத்துக்கு. 2015 பட்ஜெட்டுல அதை எடுத்துட்டாங்க. வசூல் கம்மி, அதை வாங்க ஆகுற பாடு ஜாஸ்தின்னு காரணம் சொன்னாங்க. அதுக்குப் பதிலா கோடிக்கு மேல வருமானம் உள்ளவங்களுக்கு 2 சதவீதம் கூடுதல் வரி போட்டாங்க. 2019 செப்டம்பர்ல கம்பெனிகளுக்கான வரியை 30-ல இருந்து 22 சதவீதமாக் குறைச்சாங்க. அதனால ஒரு வருஷத்துல கைவிட்டுப் போற வருமானம் 1,45,000 கோடின்னு அரசாங்கமே சொல்லுச்சு. கம்பெனி வளர்ந்தா வேலை வரும்னு ஒரு வாதம் இருக்கு, அதை நான் ஒரேயடியாத் தள்ளலை. ஆனா பாருங்க, அதுக்கு யாரும் 'ஓசி'ன்னு பேரு வைக்கலை, 'ஊக்கம்'னு வச்சாங்க. பொம்பளைக்கு பஸ் விட்டா ஓசி.

சரி, கொஞ்சம் நம்ம மாநிலத்துக் கணக்குக்கு வருவோம். 2025 மார்ச் 14-ல நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரரு, நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு, பட்ஜெட் வாசிச்சாரு. நான் பேப்பர்ல வந்த கணக்கை நம்ம பேரேட்டுல எழுதுற மாதிரி எழுதிப் பாத்தேன். வருஷ வரவு 3,31,569 கோடி. அந்த வருஷச் செலவு 3,73,204 கோடி. துண்டு 41,635 கோடி. இதுல சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் இந்த மாதிரி அன்னாடச் செலவுதான் வரும், பாலம் கட்டுறது அணை கட்டுறது வராது. நம்ம பாஷையில சொன்னா, கறவை மாடு வாங்கக் கடன் வாங்குறது வேற, அரிசி பருப்பு வாங்கக் கடன் வாங்குறது வேற. மாட்டுக்கு வாங்குனா நாம கேள்வி கேக்காம கையெழுத்துப் போடுவோம். அரிசிக்கு வாங்குனா, 'ஏன் தாயீ, என்ன ஆச்சு'ன்னு கேப்போம்ல? இந்தத் துண்டு அரிசிக் கடன். மொத்தக் கடன் இந்த மார்ச்சுல 9,29,959 கோடி ஆகும்னு போட்டிருக்காங்க. 2021 ஆகஸ்டுல அப்போதைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை விட்டப்போ, ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன்னு சொன்னாரு. அதை நான் குழுவுல சொன்னதும் ஒரு பெரியம்மா, "ஆத்தாடி, நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?"னு கேட்டாங்க. சிரிச்சோம். ஆனா சரியான கேள்வி.

இந்தக் கணக்குல நமக்குன்னு வர்றது எவ்வளவு? மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி, பஸ் பயணத்துக்கு 3,600 கோடி. சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கணும். 'அந்தத் துண்டு விழுறதுக்கு நீங்களும் ஒரு காரணம்'னு ஒருத்தர் சொன்னா, இல்லைன்னு நான் மறுக்க மாட்டேன். ஆனா வரவு பக்கத்துல ஒரு வரியையும் சேத்துப் பாக்கச் சொல்லுவேன். டாஸ்மாக்குல இருந்து அரசாங்கத்துக்கு 2024-25-ல வந்த வரி வருமானம் 48,344 கோடி. ஒரு நாளைக்கு 132 கோடி. உரிமைத் தொகையைப் போல மூன்றரை மடங்கு.

(கொஞ்சம் அமைதியா இருங்கம்மா. ஆமா, தெரியும்.)

அந்த 132 கோடி எங்க இருந்து வருது? எல்லாரும் குடிக்கிறாங்க, பணக்காரங்களும் குடிக்கிறாங்க. ஆனா நம்ம குழுவுல சந்தா பாக்கி விழுற வீட்டை எடுத்துப் பாத்தா எனக்குக் காரணம் தெரியும், உங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை கூலி வாங்குற ஆளு வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அரசாங்கம் தன் பங்கை எடுத்துக்குது. அப்புறம் 15-ம் தேதி 1000 ரூபாய் நம்ம அக்கவுண்டுல வருது. 2023 செப்டம்பர் 15-ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்போ அதை உதவின்னு சொல்லாம உரிமைன்னு பேரு வச்சாங்க. எனக்கு அந்தப் பேரு புடிச்சது. ஏன்னா எங்க வீட்டுக் கணக்குல, என் மகன் அப்பா உயிரோட இருந்த வரைக்கும், அந்தப் பக்கம் போனது மாசம் 4,000-க்குக் கம்மி இல்லை. இந்தப் பக்கம் 1000 வந்தா, யாரு யாருக்கு ஓசி குடுக்கிறாங்கன்னு நான் யோசிக்கிறேன். கடையை மூடச் சொல்லி நாம தீர்மானம் போட்டிருக்கோம், சந்தோஷம். ஆனா மூடுனா அந்த 48,000 கோடிக்கு என்ன செய்வாங்க, எங்க இருந்து எடுப்பாங்கன்னும் நாமதான் கேக்கணும். மறுபடி சோப்பு மேல போட்டுறக் கூடாதுல்ல?

செலவு பக்கத்துல எல்லாத்தையும் நான் சரின்னு சொல்லலை. பிள்ளைங்க சாப்பாடு பத்தி விவாதமே வேண்டாம். விருதுநகர்ல பிறந்த காமராஜர் பள்ளிக்கூடத்துல சோறு போட்டப்பவும் துட்டுக்கு எங்க போறதுன்னு கேட்டாங்க, 1982 ஜூலை 1-ல எம்ஜிஆர் சத்துணவு ஆரம்பிச்சப்பவும் கேட்டாங்க, 2022-ல காலை உணவுக்கும் கேட்டாங்க. அந்தச் சோறு தின்னு படிச்சவங்க இந்தக் கூட்டத்துல பாதிப் பேரு. நான் ஒருத்தி. மிக்ஸி, கிரைண்டர் பத்தி என் தோள்பட்டையைக் கேளுங்க, அது நல்லதுன்னுதான் சொல்லும். டிவி குடுத்தது தேவையான்னு கேட்டா எனக்குச் சந்தேகம். 2013-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு அந்த டிவி வழக்கு போச்சு. தேர்தல் அறிக்கையில இப்படிச் சொல்றது சட்டப்படி லஞ்சம் ஆகாதுன்னு தீர்ப்பு சொல்லி, தேர்தல் கமிஷனை விதிமுறை வகுக்கச் சொன்னாங்க. லஞ்சம் இல்லை, சரி. நல்ல செலவாங்கிறது வேற கேள்வி, அதைக் கோர்ட்டு சொல்ல முடியாது.

இன்னொண்ணு சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கரண்ட் எல்லா வீட்டுக்கும் இலவசம். எல்லா வீட்டுக்கும்னா, ஓட்டு வீட்டுல ஒரு பல்பு எரியுறவளுக்கும், நாலு ஏசி ஓடுற பங்களாவுக்கும் அதே 100. பங்களாவுக்கு எதுக்கு? அங்க நிறுத்துனா எவ்வளவு மிஞ்சும்னு கணக்குப் போட்டுச் சொல்லட்டும். பஸ்ல நிக்கிறவரு அதைக் கேட்டா நானும் கூடச் சேந்து கேப்பேன்.

டெல்லிக்கும் நமக்கும் உள்ள பங்குச் சண்டையையும் ஒரு வார்த்தை சொல்லிர்றேன், டிவியில தினம் கத்துறாங்க. ஒன்றிய அரசு வசூலிக்கிற வரியில பங்கு போடக்கூடிய ஒவ்வொரு 100 ரூபாயிலயும் 41 ரூபாய் எல்லா மாநிலத்துக்கும். அந்த 41-ல தமிழ்நாட்டுப் பங்கு 4.079 சதவீதம், அதாவது 1 ரூபாய் 67 காசு. இந்தியா ஜனத்தொகையில நாம கிட்டத்தட்ட 6 சதவீதம். குறைச்சல்தான். பெட்ரோல், டீசல்ல அவங்க வாங்குற வரியில பெரும்பகுதியை 'செஸ்'னு பேரு மாத்தி வச்சிருக்காங்க. செஸ்ஸுன்னா பங்கு குடுக்க வேண்டியதில்லை. அது எனக்கு நியாயமாத் தெரியலை. ஆனா மனசாட்சிப்படி ஒண்ணு சொல்லணும். இருக்கிறவங்க கூடக் குடுக்கணும், இல்லாதவங்களுக்குக் கூடப் போகணும்னு நான் இவ்வளவு நேரம் பேசிட்டு, பீகாருக்கு ஏன் கூடப் போகுதுன்னு மட்டும் கேட்டா அது சரியா வராது. கூடப் போகட்டும், எவ்வளவு கூடங்கிறதுல கணக்கு வேணும். நம்ம ஸ்பின்னிங் மில்லுல ராத்திரி ஷிப்டு பாக்குற வடக்கத்திப் பொண்ணுங்க முகத்தைப் பாத்தா அந்த ஊரு நெலமை புரியும்.

இனி நான் சொல்ல வந்த தப்பு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி கூட்டமைப்புக்குச் சொந்தமா ஒரு கட்டடம் வேணும்னு முடிவு பண்ணோம். தலைக்கு 500 ரூபாய் கட்டட நிதின்னு தீர்மானம் கொண்டு வந்தது நான்தான். 'எல்லாரும் சமம், ஒருத்தருக்கு ஒரு ரேட்டுன்னா பேச்சு வரும்'னு நான் பேசுனது தீர்மானப் புத்தகத்துல என் கையெழுத்துலயே இருக்கு. அந்தக் கூட்டத்துல கீரைக்கூடை மதினி எந்திரிச்சு, "உனக்கு 500 ஒரு சேலை. எனக்கு ரெண்டு நாள் அடுப்பு"ன்னு சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விதின்னா எல்லாருக்கும் விதிதான் மதினி"ன்னு சொன்னேன். அடுத்த மாசம் அவங்க சேமிப்பைக் கணக்குப் பாத்து வாங்கிட்டு, குழுவை விட்டுப் போயிட்டாங்க. எட்டு வருஷம் ஒரு தவணை தவறாத உறுப்பினர். அதனாலதான் அன்னைக்கு பஸ்ல அந்த ஆளு பேசுனப்போ எனக்கு வாய் வரலை. அவரு பேசுனதும் நான் பேசுனதும் ஒரே ரகம்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சு போச்சு.

2022 ஏப்ரல்ல நம்ம வீட்டு வரியை ஏத்துனாங்கல்ல, நாம எல்லாம் திட்டுனோம். ஆனா அதை எப்படி ஏத்துனாங்கன்னு பாருங்க. 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம். ஏத்துனது வலிதான். ஆனா சின்ன வீட்டுக்குச் சின்ன ஏத்தம். அரசாங்கத்துக்குத் தெரிஞ்சது பொருளாளருக்குத் தெரியலை.

அப்போ வருமானத்துக்குத் தக்க நிதி வாங்கலாம்னு போன மாசம் செயற்குழுவுல பேசுனோம். உடனே சிக்கல். யாரு வருமானம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? ஒருத்திகிட்ட கேட்டா, 'எனக்கு என்ன இருக்கு'ன்னுதான் சொல்லுவா. நானும் அப்படித்தான் சொல்லுவேன். வாங்குன கடனை வச்சுப் போடலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. மக ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு லட்சம் கடன் வாங்குனவ பணக்காரியா? அதுவும் ஒத்து வரலை. அன்னைக்குத்தான் எனக்கு அரசாங்கத்தோட பாடும் கொஞ்சம் புரிஞ்சது. வருமானத்தை ஒளிக்கலாம், சோப்பை ஒளிக்க முடியாது. அதனாலதான் எந்த அரசாங்கம் வந்தாலும் கை முதல்ல சோப்புக்குப் போகுது. சுலபமா வாங்க முடியுற வரி, நியாயமான வரியா இருக்கணும்னு இல்லை. நியாயமா வாங்கணும்னா மெனக்கெடணும்.

நாம மெனக்கெட்டோம். நாலு கூட்டம் ஆச்சு. ஒவ்வொரு குழுவும் தங்களுக்குள்ள உக்காந்து பேசி மூணு படியாப் பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. ஒரு குழுவுல ஒருத்தருக்கு என்ன முடியும்னு பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாதது இல்லை. சண்டை வந்துச்சு, ரெண்டு குழுவுல பேச்சு வார்த்தை இன்னும் நின்னு போய்த்தான் கிடக்கு. ஆனா பட்டியல் வந்து சேந்திருச்சு.

அதோட இன்னொரு வேலையும் வச்சிருக்கோம். நம்ம ஊரு பேரூராட்சி. கிராமசபை கிடையாது, நூறு நாள் வேலையும் பக்கத்துக் கிராமத்தோட நின்னு போச்சு. கணக்குக் கேக்க நமக்குன்னு மேடை இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும். தகவல் அறியும் சட்டத்துல 30 நாளைக்குள்ள பதில் குடுக்கணும். போன வருஷம் நம்ம ஊருல வீட்டு வரி எவ்வளவு வசூல் ஆச்சு, யார் யார் பெரிய பாக்கி, எந்தத் தெருவுக்கு என்ன செலவு, இந்த மூணே கேள்வி. குற்றம் கண்டுபிடிக்க இல்லை. மாசாமாசம் என்னை நிக்க வச்சுக் கேக்குறீங்கள்ல, 'வவுச்சர் எங்க, பில்லு எங்க'ன்னு, அதே கேள்விதான். மனுவை எழுதி வச்சிருக்கேன். வெளியில போறப்போ மேசையில இருக்கு, கையெழுத்துப் போட இஷ்டம் உள்ளவங்க போடுங்க. கட்டாயம் இல்லை.

நேரம் ஆச்சு, சோறு ஆறிரும். தீர்மானத்தை வாசிச்சுர்றேன். 'கட்டட நிதி தலைக்கு 500 ரூபாய் என்ற முந்தைய தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. முதல் படி உறுப்பினர் 100 ரூபாய், இரண்டாம் படி 400 ரூபாய், மூன்றாம் படி 1,000 ரூபாய். 500 கட்டி முடித்த முதல் இரண்டு படி உறுப்பினர்களுக்கு மிச்சத் தொகை அவரவர் சேமிப்பில் வரவு வைக்கப்படும். முந்தைய தீர்மானத்தால் விலகிய உறுப்பினர் விரும்பினால் பழைய உறுப்பினர் எண்ணிலேயே சேர்த்துக்கொள்ளப்படுவார்.' மூணாம் படியில என் பேரு முதல்ல இருக்கு, நானே எழுதுனேன்.

மதினி இன்னைக்கு வந்திருக்காங்க. கூப்பிடப் போனப்போ, "வர்றேன், ஆனா உறுப்பினரா வரலை, வேடிக்கை பாக்க வர்றேன்"னு சொன்னாங்க. வாசப்படி ஓரமா உக்காந்திருக்காங்க. அவங்க பதிலை அவங்க சொல்லட்டும், நான் கேக்க மாட்டேன். தீர்மானத்துக்கு ஆட்சேபணை உள்ளவங்க மட்டும் இப்போ கை தூக்குங்க. செயலாளர் எண்ணுவாங்க.